டேப்புக்கு முதலில் ஒரு முகவரி கொடுங்கள்

சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் தளங்களில் டேப் (அழுத்தினால் அதே பக்கத்தில் வேறு பகுதியைக் காட்டும் தலைப்பு) இருந்தால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து புது விண்டோவில் திறந்து பார்ப்பேன். பல நேரம் அதே பக்கம்தான் மறுபடி வரும். லிங்க்கில் முகவரிக்குப் பதில் வெறும் ஹாஷ் குறி (#) இருக்கும். விவரம், விமர்சனம், டெலிவரி என்று மூன்று டேப். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அதாவது ஸ்கிரிப்ட், ஓடாவிட்டால் பின்னிரண்டும் இல்லவே இல்லை.

"இந்தக் காலத்தில் ஜாவாஸ்கிரிப்டை யார் நிறுத்தி வைக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். குறைவுதான். பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் 2013-இல் அளந்து பார்த்தார்கள். ஸ்கிரிப்டின் பலன் போய்ச் சேராதவர்கள் 1.1 சதவீதம். அதில் நிறுத்தி வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாத பிரவுசர்காரர்களும் சேர்ந்து 0.2 தான். மீதி 0.9 சதவீதத்தினருக்கு ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. சிக்னல் பாதியில் போகும், ஆபீஸ் ஃபயர்வால் தடுக்கும், கூடவே வந்த விளம்பர ஸ்கிரிப்ட் சொதப்பும்.

அதனால் ஒவ்வொரு டேப்பையும் சாதாரண லிங்க்காக எழுதுங்கள். அந்த முகவரிக்கு சர்வர் முழுப் பக்கத்தையும் தரட்டும். இது சரியாக வந்த அப்புறம்தான் ஸ்கிரிப்ட், அதுவும் தனி ஃபைலில். டேப் வரிசை முழுவதற்கும் ஒரே லிசனர் (கிளிக்கைக் கவனிக்கும் நிரல்) போதும். அது கிளிக்கை மறித்து, ஃபெட்ச் (பக்கத்தை மாற்றாமல் சர்வரிடம் கேட்கும் கட்டளை) மூலம் உள்ளடக்கத்தை வாங்கி, பேனலில் (டேப்பின் உள்ளடக்கம் தெரியும் இடத்தில்) வைக்கும். வெப் டெவலப்பர் ஜெரமி கீத் 2006-இல் இந்த வழிக்கு ஹைஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். புதிதாகத் திறக்க கன்ட்ரோல் கீயோடு வரும் கிளிக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். ஃபெட்ச் தோற்றால், பேசாமல் லிங்க்கின் முகவரிக்கே அனுப்பிவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கேஷில், அதாவது பிரவுசர் சேமித்து வைக்கும் பிரதியில். ஒரே முகவரியில், ஸ்கிரிப்ட் கேட்டால் துண்டு, மற்றவர் கேட்டால் முழுப் பக்கம் என்று கோரிக்கையோடு வரும் குறிப்பான ஹெடரைப் பார்த்து சர்வர் பதில் சொல்லும்படி எழுதுவார்கள். டெவலப்பர் மெஷினில் எல்லாம் சரியாகத் தெரியும். பயனர் வேறு தளத்துக்குப் போய் பேக் பட்டனை அழுத்துவார். பிரவுசர் கேஷிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, மெனு, ஸ்டைல் எதுவும் இல்லாமல் காட்டும். ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் வேரி ஹெடரைப் பதிலில் சேர்ப்பது ஒரு தீர்வு. நான் துண்டுக்குத் தனி முகவரியே வைத்துவிடுவேன், தலைவலி இல்லை.

டேப்களை வேகமாக மாற்றி அழுத்தினால், முதலில் கேட்டது கடைசியில் வந்து உட்காரும். அபார்ட்கன்ட்ரோலரால் பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். புஷ்ஸ்டேட் போட்டு முகவரியை மாற்றினால், பேக் பட்டன் அழுத்தியதைச் சொல்லும் பாப்ஸ்டேட்டையும் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் பேக் பட்டனுக்கு முகவரி மாறும், பேனல் மாறாது.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடருக்கு இது டேப் என்று சொல்லும் ஏரியா (ARIA) குறிப்புகளையும் ஸ்கிரிப்டே சேர்க்கட்டும். ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டால், ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் வெறும் லிங்க்கை டேப் என்று அது வாசிக்கும். டேப் என்று கேட்டவர் அம்புக்குறி கீகளைத்தான் தட்டுவார். உள்ளடக்கம் சர்வரிலிருந்து வருவதால், அம்புக்குறி ஃபோகஸை மட்டும் நகர்த்தட்டும். என்டரோ ஸ்பேஸோ அழுத்தினால் ஏற்றினால் போதும்.