மூக்கில் வந்த கட்டியைக் கரிக்கும் முன்

குளச்சல் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வெயிலில் அலைந்து மீன் விற்பவர். இடது மூக்கு மடல் ஓரத்தில், பழைய தழும்பு மாதிரி வெளுத்த, கெட்டியான ஒரு தடிப்பு. "வலியே இல்ல டாக்டரே. மக சொன்னாளேன்னுதான் வந்தேன்" என்றார். இரண்டு வருடத்தில் இரண்டு முறை வேறோர் இடத்தில் கரண்ட் வைத்துக் கரித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒரு துளி சதைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. சாதாரண மரு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைவிட உள்ளே அகலமாக இருந்தது. அதே பக்கம் மேலுதட்டில் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்றார், அதுவும் நான் கேட்ட பிறகுதான். அந்த மரமரப்புதான் என்னைக் கவலைப்பட வைத்தது.

நரம்பை ஒட்டியே ஊர்ந்து போகிற அபூர்வமான தோல் புற்றுநோய் ஒன்று உண்டு. மைக்ரோசிஸ்டிக் அட்நெக்ஸல் கார்சினோமா என்று பெயர். 1982-இல்தான் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் இவற்றின் சாயல் அதில் இருக்கும். மெதுவாக, வருடக்கணக்கில் வளரும். உடம்பில் வேறு இடத்துக்குத் தாவுவது அரிது, ஆனால் இருக்கிற இடத்தில் ஆழமாக இறங்கிவிடும். மேலாகச் சுரண்டி எடுத்து அனுப்பினால் மைக்ரோஸ்கோப்பில்கூடத் தீங்கில்லாத கட்டி போலத் தெரியும். அதனால் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு வரை ஆழமாகத் துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினேன். சந்தேகப்பட்டதுதான் வந்தது.

மூக்கில் வரும் தோல் புற்றுநோய்களில் அதிகம் பார்ப்பது பேசல் செல் கார்சினோமா. நம் நிறத்தோலில் அது பெரும்பாலும் கறுப்பாகவே இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அபூர்வ வகைகளில் மெர்க்கல் செல் கார்சினோமா மிகவும் வேகமானது. சிவப்பு அல்லது ஊதா நிறத்தில், வலியில்லாமல், சில வாரங்களிலேயே பெரிதாகும். நெறிகட்டிகளுக்குச் சீக்கிரம் பரவும். இதில் பெரும்பாலான கட்டிகளுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருப்பதை 2008-இல் கண்டுபிடித்தார்கள். இன்னொன்று எண்ணெய்ச் சுரப்பியில் வருவது, மஞ்சள் சாயலாக இருக்கும். இமையில்தான் அதிகம், மூக்கிலும் வரும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் குடும்பத்தில் யாருக்காவது குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று நான் கட்டாயம் கேட்பேன். சிலருக்கு இந்தக் கட்டியும் அந்தப் புற்றுநோய்களும் ஒரே பரம்பரைக் கோளாறிலிருந்து வரும். மூக்கில் ஒரு கட்டியைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பிகளுக்குக் குடல் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டிவரலாம்.

இவற்றில் எதையும் வெறும் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, எனக்கும்தான். அதனால்தான் சுண்ணாம்பும் காரமும் குழைத்து வைப்பது, முடியால் கட்டி அறுப்பது, பார்லரில் எரிப்பது எல்லாம் எனக்குப் பதற்றம் தருகின்றன. மேலே ஆறிவிடும், அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். ஒன்றரை மாதமாகியும் ஆறாத புண், தட்டினால் ரத்தம் கசிகிற பொருக்கு, எடுத்த இடத்திலேயே திரும்ப வரும் கட்டி, இவற்றுக்கு பயாப்ஸி வேண்டும். ஊசி போட்டு மரக்கவைத்து எடுப்போம், அதிக நேரம் ஆகாது. குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தோல் பயாப்ஸியில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ரிப்போர்ட்டைச் சொன்னதும் அந்த அம்மாவின் மகள், "அப்போ திருவனந்தபுரம் போகணுமா?" என்றாள். நம் மாவட்டத்தில் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அங்கிருக்கும் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்கு எழுதிவிட்டார்களா என்றுதான் கேட்பார்கள். சில நேரம் போகத்தான் வேண்டும். மூக்கின் கீழ்ப்பகுதித் தோல் கெட்டியானது, இழுத்து மூட முடியாது. ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம், அதே சமயம் நோயை மிச்சம் வைக்கவும் கூடாது. இதற்குச் சிறந்த வழி மோஸ் முறை. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்தையும் அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சுத்தமான பிறகுதான் நிறுத்துவார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் கட்டியை எடுத்துக் கட்டுப்போட்டு, ஓரங்கள் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகு மூக்கைச் சீரமைக்கலாம். சில நாள் திறந்த புண்ணோடு இருப்பது கஷ்டம்தான். அவசரப்பட்டு மூடச் சொல்லாதீர்கள்.

மூக்கைச் சீரமைக்க நெற்றித் தோலைத் திருப்பி இறக்குகிறோம். இது நம் நாட்டுக் கைவண்ணம். காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். சுமார் 3 வாரம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே தோல் பாலம் ஒன்று தொங்கும், பிறகு வெட்டிவிடுவோம். அந்த 3 வாரமும் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி கட்டு மாற்ற வந்தபோது கண்ணாடி கேட்டார்.

அப்புறம் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையை மெழுகில் பதித்த பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அபூர்வ நோய் என்றால் அங்கே இன்னொருவர் திரும்பப் பார்ப்பார், கூடுதல் சாயப் பரிசோதனைகள் செய்வார். பிளாக் இல்லாவிட்டால் மூக்கில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.