போனில் பின்பால் செய்கிறீர்களா? முதலில் பந்தைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. தகரக் கூரை, நாலு போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்கும் ஒரு பல்பு. நான் தனியாளாகச் செய்துகொண்டிருந்த பின்பால் கேமை (சரிவான பலகையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டி மேலே அனுப்பும் ஆட்டம்) முதன்முதலில் வெளியாள் கையில் கொடுத்தது அங்கேதான். ஐடிஐ படிக்கும் பையன் ஒருவன் வாங்கி ஆடினான். வேகமாக இறங்கிய பந்தை இடது ஃபிளிப்பரால், அதாவது பந்தைத் தட்டும் சின்னத் துடுப்பால், சரியான நேரத்தில் தட்டினான். பந்து ஃபிளிப்பரைத் துளைத்துக்கொண்டு கீழே விழுந்துவிட்டது. "நான் கரெக்டாதாண்ணா தட்னேன், பந்து உள்ள பூந்து போச்சு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். இன்னொரு தடவை ஆடிப் பாரேன் என்றேன். வாங்கவில்லை.

ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டு எங்கே திரும்பும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் இருக்கிறது. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். இப்படிப்பட்ட ஊரில் பந்து தப்பாகத் திரும்பினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பின்பால் செய்யப் போகிறேன் என்று வரும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: லைட், தீம், மியூசிக் எல்லாம் அப்புறம். ஒரு பந்து, இரண்டு ஃபிளிப்பர், நாலு சுவர், இவை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். அது நியாயமாக நடக்கும் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

ஃபிளிப்பருக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், இந்த ஆட்டத்தின் மானத்தைக் காப்பாற்றியதே அதுதான். ஃபிளிப்பர் வந்தது 1947ல், காட்லீப் கம்பெனியின் மெஷினில். அதற்கு முன் பந்தை இழுத்து விட்டால், மெஷினை ஆட்டி அசைப்பதைத் தவிர ஆடுபவர் செய்வதற்கு அதிகம் இல்லை. இது சூதாட்டம் என்று நியூயார்க் நகரம் 1942ல் தடையே போட்டது. 1976ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தினர் முன்னால் நின்று, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதே வழியில் அனுப்பிக் காட்டினார். தடை நீங்கியது. ஆடுபவர் நினைத்தபடி பந்து போக முடியும் என்பதுதான் அன்றைக்கு வாதமே. நாம் எழுதும் புரோகிராம் அதைக் கெடுத்தால் கையில் மிஞ்சுவது பழைய சூதாட்டப் பெட்டிதான்.

சரி, பந்து ஏன் துளைத்துப் போகிறது? அசல் மெஷினில் பந்து சுமார் 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை. அது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேம் செய்ய நான் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளில், பந்து எங்கே இருக்கிறது, எதில் மோதுகிறது என்று பார்க்கும் பிசிக்ஸ் கணக்கு, நாம் மாற்றாவிட்டால் விநாடிக்கு 50 தடவைதான் நடக்கும். அப்படியானால் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் பந்து 6 சென்டிமீட்டர் தாவிவிடும். முதல் கணக்கில் ஃபிளிப்பருக்கு மேலே இருக்கும், அடுத்ததில் கீழே இருக்கும், நடுவில் மோதியதே அதற்குத் தெரியாது. நான் 200 தடவையாக உயர்த்தினேன். தாவல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கியது. இரண்டு கணக்குக்கு நடுவில் பந்து போகும் பாதையிலும் மோதலைத் தேடும் கன்டினியூயஸ் கொலிஷனையும் பந்துக்குப் போட்டேன். அப்போதும் ஃபிளிப்பர் நுனியில் பந்து தப்பியது. பாதையைப் பார்க்கும் இந்த ஸ்வீப் முறை ஃபிளிப்பரின் சுழற்சியைக் கணக்கில் எடுக்காது, அதுதான் காரணம். ஃபிளிப்பரின் கோணத்தை நேரடியாக மாற்றுவதை விட்டுவிட்டு, கதவுக் கீல் மாதிரி வேலை செய்யும் ஹிஞ்ச் ஜாயின்ட் வைத்து விசையால் சுழல விட்ட பிறகுதான் அடி சரியாக விழுந்தது.

இந்தத் தொல்லை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த பின்பாலை பிரவுசிங் சென்டரில் ஆடியவர்களுக்கு நினைவிருக்கும். அதை 64 பிட் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றியபோது பந்து எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து போனது என்று மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

அடுத்தது விரல். யூனிட்டியின் சாதாரண பட்டன், விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்யும். ஃபிளிப்பர் விரல் பட்ட கணமே எழ வேண்டும். சின்ன பட்டன் வரையவே வேண்டாம், திரையின் இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று, போதும். தாமதத்தை அளக்க ஒரு வழி: இன்னொரு போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் கட்டைவிரலையும் ஃபிளிப்பரையும் சேர்த்துப் படம் பிடியுங்கள். விரல் பட்டதிலிருந்து ஃபிளிப்பர் அசையும் வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். 24 ஃபிரேம் என்றால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதை உங்கள் புதுப் போனில் அளக்காதீர்கள். வீட்டில் அம்மா வைத்திருக்கும் பழைய போனில் அளந்து பாருங்கள்.

பணம் வரும் வழியிலும் நியாயம் வேண்டும். ஃபிளிப்பருக்குக் கீழே பேனர் விளம்பரம் வைத்தால் கட்டைவிரல் தவறிப் படும், அந்த கிளிக்குக்குக் காசும் வரும். தவறிப் படுகிற கிளிக்கை, ஆப்களுக்கு விளம்பரம் தரும் கூகுளின் ஆட்மாப் விதிகள் அனுமதிப்பதில்லை, கணக்கே முடங்கலாம். என்னிடம் ஒரு பப்ளிஷர் வேறு யோசனை சொன்னார்: பந்தை மறைவாக ஃபிளிப்பர்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை நோக்கித் தள்ளு, விளம்பரம் பார்த்தால் இன்னொரு பந்து கொடு. முன்பணமும் தருவதாகச் சொன்னார். அந்த மாதம் எனக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கரெக்டாகத் தட்டியும் தோற்றவன் முகத்தை நான் கிளப்பில் பார்த்திருக்கிறேன்.

புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் பிளே ஸ்டோரில் வெளியிடும் முன், 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருக்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்காதீர்கள். என் 12 பேரில் ஒன்பது பேர் கேரம் கிளப் ஆட்கள். போனைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பையனும் அதில் இருந்தான். பந்து உள்ளே புகுந்ததாக அவன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி ஆடும்போது, திரையின் ஓரத்தில் கட்டைவிரல் இழுபட்டு, போன் அதை 'பேக்' ஸ்வைப் என்று எடுத்துக்கொண்டு கேமை விட்டு வெளியே போய்விடுகிறது என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஓரத்திலும் 200 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) உயரம் வரை அந்த ஸ்வைப்பை நிறுத்தி வைக்கலாம். கட்டைவிரல் நிற்கும் இடத்துக்கு அது போதும். இந்த வாரம் அந்த வேலைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.