மீனின் எந்தப் பகுதியை அளந்தார்கள்?

அணுகுண்டுச் சோதனை நடந்த கடலில் பிடித்த மீனில் ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு) கதிரியக்கம் இருந்தது என்று செய்தி வரும்போது, அந்த எண் மீனின் எந்த உறுப்பைச் சேர்ந்தது, எந்தத் தனிமத்தைக் குறிக்கிறது, ஈர எடைக்கா உலர் எடைக்கா என்று கேட்காமல் அஞ்சுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. கதிரியக்க அளவீட்டைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை வற்புறுத்துவதற்கு பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் வரலாறு ஒன்றே போதும்.

1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுவெடிப்புச் சோதனைகளை நடத்தியது. அவற்றுள் 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் வெடித்த ‘பிராவோ’ 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு இணையான ஆற்றல் கொண்டது. அதன் சாம்பல் ரோங்கலாப் தீவு மக்கள் மீதும், 23 பேருடன் சென்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு மீதும் பொழிந்தது. அந்த ஆண்டு ஜப்பானியத் துறைமுகங்களில் கரைக்கு வந்த சூரை மீன்களைக் கைகர் கருவியால் சோதித்து, வரம்பைத் தாண்டியவற்றை அப்புறப்படுத்தினார்கள். அக்கருவி கதிர்வீச்சு இருப்பதை அறிவிக்குமே தவிர, அது எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்தபோதுதான், அணுப்பிளவில் நேரடியாகப் பிறக்காத துத்தநாகம்-65 என்னும் கதிரியக்கத் துத்தநாகம் மீனின் உடலில் சேர்ந்திருப்பது தெரிந்தது.

உயிரினங்கள் தமக்கு வேண்டிய சத்துகளைத் தேடும்போது, அவற்றை ஒத்த கதிரியக்கத் தனிமங்களையும் சேர்த்தே உள்வாங்குகின்றன. பொட்டாசியத்தை ஒத்த சீசியம்-137 தசையிலும், கால்சியத்தை ஒத்த ஸ்ட்ரான்சியம்-90 எலும்பிலும் ஓட்டிலும் தங்குகின்றன. தென்னை நண்டு சட்டை உரித்தபின் பழைய ஓட்டைத் தானே தின்றுவிடுவதால், அதிலிருந்த ஸ்ட்ரான்சியம் மீண்டும் அதன் உடலுக்கே திரும்புகிறது. சீசியம் வெளிவிடும் காமா கதிரை ஜெர்மானியம் உணர்கருவி தெளிவாக இனங்காட்டும். ஸ்ட்ரான்சியத்துக்கோ அத்தகைய காமா கதிர் இல்லை. அதை வேதியியல் முறையில் பிரித்தெடுத்து, அது சிதைவதால் உண்டாகும் இட்ரியம்-90 வளர்ந்து அதனுடன் சமநிலை அடைய ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருந்து அளக்க வேண்டும். ஆகவே, காமா சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்னும் அறிக்கை, ஸ்ட்ரான்சியம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மறுபுறம், கடல்மீனில் இயற்கையாகவே பொலோனியம்-210 என்னும் கதிரியக்கத் தனிமம் உண்டு என்பதால், கண்ட கதிரியக்கம் அனைத்தையும் குண்டின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது.

1968-இல் பிகினி குடியேறத் தக்க இடம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதை நம்பிச் சில குடும்பங்கள் திரும்பின. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த பவள மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு; தென்னையின் வேர்கள் அதற்கு ஈடாகச் சீசியத்தை உறிஞ்சின. இளநீரையும் தேங்காயையும் உண்ட மக்களின் உடலில் சீசியம் ஏறியதை முழு உடல் அளவீடு காட்டியபின், 1978-இல் அவர்களை மீண்டும் வெளியேற்றினார்கள். கடல்நீரில் பொட்டாசியம் நிறைந்திருப்பதால் அங்குள்ள மீன் அந்த அளவுக்குச் சீசியத்தைச் சேர்ப்பதில்லை. கடலைக் குறித்தே அஞ்சிய பலருக்கு, நிலத்தில் விளைந்த உணவே பெரிய இடராக இருந்தது வியப்பளிக்கலாம். பொட்டாசிய உரமிட்டபோது தேங்காயில் சீசியம் பெருமளவு குறைந்தது என்பது பின்னாளில் கிடைத்த பயனுள்ள முடிவு. அந்த மக்கள் திரும்புவதற்கு முன்பே இந்த ஆய்வு நடந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சீசியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள்; அன்று வீழ்ந்ததில் பெரும்பகுதி இன்று சிதைந்துவிட்டது. புளுட்டோனியம்-239-க்கோ 24,000 ஆண்டுகளுக்கும் மேல். சோதனைகள் நடந்த மற்றொரு பவளத்தீவான எனிவெடாக்கில், ரூனிட் தீவின் கான்கிரீட் கூரைக்குள் கதிரியக்கக் கழிவாக அடைத்ததைவிட அதிகமான புளுட்டோனியம் அருகிலுள்ள காயலின் வண்டலில் கிடக்கிறது. வண்டலோடு சேர்த்து இரை மேயும் மீன்களில் அது தசையை விடக் குடலில்தான் மிகுதியாகக் காணப்படும். சிறு மீனைக் குடல் நீக்காமல் முழுதாக உண்ணும் குடும்பத்துக்குத் தசையை மட்டும் அளந்த அறிக்கையைக் கொடுப்பது போதாது. மாதிரி எடுக்கப் போகிறவர் அந்த வீட்டில் மீனை எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிந்து, குடலையும் ஈரலையும் தனித்தனியே, புளுட்டோனியம் வெளிவிடும் ஆல்ஃபா கதிரை அளக்கும் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.