இரண்டு டேப்புகள் விலகும்போது: ஸ்டீவ் ரைஷ் இசையின் கணக்கு

ஒரே மெட்டை இருவர் வாசிக்க, ஒருவர் மட்டும் மயிரிழை வேகம் கூட்டினால் அது பிசகுதானே? அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய 'பியானோ ஃபேஸ்' கேட்ட பலருக்கும் வரும் கேள்வி இது.

1936-இல் நியூயார்க்கில் பிறந்த ஸ்டீவ் ரைஷ், கார்னெலில் தத்துவமும், ஜூலியார்டிலும் மில்ஸ் கல்லூரியிலும் இசையமைப்பும் படித்தவர். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் டாக்சி ஓட்டினார். 1964-இல் அங்கே யூனியன் சதுக்கத்தில் நோவாவின் பெருவெள்ளத்தைப் பிரசங்கித்த ஒருவரின் குரலைப் பதிவு செய்தார். 'மழை வரப்போகிறது' என்ற சிறு தொடரை வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி, இரண்டு டேப் வளையங்கள் செய்தார். ஒன்றில் முதற்பாதி ஒலிக்கும்போது மற்றதில் பிற்பாதி வரவேண்டும் என்பது திட்டம். மெஷின்களோ ஒன்றாகத் தொடங்கி, மெல்ல மெல்ல விலகின.

காரணம் எளிது. டேப்பை இழுக்கும் சுழல்தண்டும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும் இரு மெஷின்களில் அச்சாக ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒட்டும் இடத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலும் போதும். வினாடிக்கு 19 செ.மீ. ஓடும் டேப்பில் அது சுற்றுக்கு 2.6 மில்லிசெகண்ட். ஒரு வினாடி வளையம் என்றால், இரண்டும் மறுபடி சேர 380 சுற்று, ஆறு நிமிடத்துக்கு மேல்.

ஹெட்போனில் காதுக்கொரு மெஷின் வைத்துக் கேட்டால், விலகல் 0.6 மில்லிசெகண்டுக்குள் இருக்கும்வரை மூளை அதைத் திசையாகவே எடுத்துக்கொள்ளும். குரல் ஒரு பக்கம் நகரும். அதற்கு மேல் குரல் தடிக்கும். ஏறத்தாழ 30 மில்லிசெகண்டைத் தாண்டினால் எதிரொலி, பிறகு இரு குரல்களின் தாளம். அன்றைய மின்னணு இசை பெரிய ஸ்டூடியோக்களையே நம்பியிருந்தது. இதற்கு இரண்டு சாதாரண ரெக்கார்டர்கள் போதுமாயிருந்தன. 

1967-இல் இதையே மனிதக் கைகளுக்குக் கொண்டுவந்தது 'பியானோ ஃபேஸ்'. முதல் பகுதியின் மெட்டு 12 சுரம், மேற்கத்தியப் பெயர்களில்: ஈ, எஃப் ஷார்ப், பி, சி ஷார்ப், டி, எஃப் ஷார்ப், ஈ, சி ஷார்ப், பி, எஃப் ஷார்ப், டி, சி ஷார்ப். ஒற்றைப்படை இடங்களை மட்டும் பாருங்கள்: ஈ, பி, டி, ஈ, பி, டி. இது இடக்கை. இரட்டைப்படை இடங்களில் எஃப் ஷார்ப், சி ஷார்ப் மாறி மாறி வரும், இது வலக்கை. மூன்றின் சுழற்சியும் இரண்டின் சுழற்சியும் பின்னிய ஜடை! அதனால், மெல்ல வேகம் கூட்டும் இரண்டாமவர் 6 சுரம் முன்னே போனதும் இருவரின் இடக்கையும் முழுதாக ஒன்றுசேரும், வலக்கைகள் மட்டும் எதிரெதிரே நிற்கும். 4 சுரம் என்றால் வலக்கைகள் ஒன்றுசேரும். ஒற்றைப்படை விலகலில் ஒருவரின் இடக்கை மற்றவரின் வலக்கையோடு மோதும். யாரும் எழுதாத புது மெட்டுகள் இந்த மோதலில் பிறக்கின்றன. பன்னிரண்டாம் நகர்வில் மறுபடி ஒரே குரல்.

கடினம் நடுவழியில்தான். ஒரு சுரத்தின் நீளம் சுமார் 139 மில்லிசெகண்ட். அதில் பாதி நகர்ந்ததும் ஒருவரின் சுரம் மற்றவரின் இடைவெளியில் கச்சிதமாக விழுந்து, வேகம் இரட்டித்ததுபோல் ஒலிக்கும். சேர்ந்துவிட்டதாக நினைத்து அங்கேயே நின்றுவிடுவது ஒரு தவறு. பதறி இரண்டு சுரம் தாவிவிடுவது இன்னொன்று. வேகம் மாற்றாமல் வாசிக்கவேண்டியவர் மற்றவரின் வேகத்துக்கு இழுபட்டால் எல்லாமே கெட்டது.

1971-இல் முடித்த 'டிரம்மிங்' படைப்போடு இந்தப் படிப்படியான நகர்வை ரைஷ் விட்டுவிட்டார். இருவர் கைதட்டியே நிகழ்த்தும் 1972-இன் 'கிளாப்பிங் மியூசிக்'கில் நகர்வு சட்டென்ற தாவலாயிற்று. மூன்று தட்டு, ஒரு மௌனம். இரண்டு தட்டு, மௌனம். ஒரு தட்டு, மௌனம். இரண்டு தட்டு, மௌனம். மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருவர் மாறாமல் தட்ட, மற்றவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணிக்கை முன்னே தாவுவார். தாவியபின் மூன்று தட்டு விழும் இடத்தையே 'ஒன்று' என்று எண்ணத் தோன்றும். எண்ணினால் தடம் தவறும். 'ஒன்று' ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும். பதின்மூன்றாம் கட்டத்தில் நான்கு கைகளும் ஒன்றாகத் தட்டும்.