கேபிளைக் கழற்றிப் பார்த்தால் மட்டும் போதாது: லினக்ஸ் சர்வரில் ஸ்டோரேஜ் பாதை மாறத் தாமதமாவது ஏன்?

மழைக்காலம் தொடங்குவதற்குள் டிஆர் டிரில்லை (பேரிடரில் சர்வர் தாங்குமா என்ற ஒத்திகையை) முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு ஃபைபர் கேபிளைக் கழற்றுவார்கள், சில நொடிகளில் மல்டிபாத் (ஸ்டோரேஜுக்குப் போகும் பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) அடுத்த பாதைக்கு மாறிவிடும், 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும். பிறகொரு நாள் எந்தக் கேபிளும் அறுபடாமலே டேட்டாபேஸ் மூன்று நிமிடம் அசையாமல் நிற்கும். லாக்கைத் திறந்தால் 'டைமிங் அவுட் கமாண்ட், வெயிட்டட் 180எஸ்' என்று ஒரு வரி இருக்கும்.

கேபிள் கழன்றால் லிங்க் போனது எச்பிஏ-வுக்கு (சர்வரில் உள்ள ஸ்டோரேஜ் அட்டைக்கு) உடனே தெரிந்துவிடும். ஆனால் அழுக்கடைந்த எஸ்எஃப்பி (கேபிள் முனையில் ஒளியை அனுப்பிப் பெறும் சிறு மாட்யூல்), அளவுக்கு மீறி வளைந்த பேட்ச் கார்டு (இணைப்புக் கேபிள்), ஃப்ரேமை விழுங்கும் சுவிட்ச் போர்ட் போன்றவற்றில் லிங்க் உயிரோடுதான் இருக்கும், பதில் மட்டும் வராது. அப்போது கர்னலுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிஸ்குக்குப் போகும் கட்டளையான ஸ்கசி கமாண்டின் டைம்அவுட் வழக்கமாக 30 நொடி. அது முடிந்ததும் அந்தக் கமாண்டைக் கைவிடச் சொல்லும் அபார்ட்டைக் கர்னல் அனுப்பும். அபார்ட் வெற்றி பெற்றாலும் அதே கமாண்டை அதே பாதையில் மறுபடி அனுப்பலாம். டிஸ்க் டிரைவரின் மறுமுயற்சி வரம்பு 5 என்பதால், முதல் முறையையும் சேர்த்து 6 × 30 = 180 நொடி. அந்த 180 இங்கிருந்துதான் வருகிறது.

அபார்ட்டே தோற்றால் நிலைமை இன்னும் மோசம். கர்னலின் எரர் ஹேண்ட்லர் முழுமையாக விழித்துக்கொண்டு லன் (ஸ்டோரேஜ் தரும் ஒரு தனி டிஸ்க்) ரீசெட், டார்கெட் ரீசெட், பஸ் ரீசெட், ஹோஸ்ட் ரீசெட் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் டிஸ்க் பதில் சொல்கிறதா என்று சோதிக்க 10 நொடி வரை எடுக்கும். இவ்வளவு நேரமும் அந்த எச்பிஏ போர்ட்டின் எல்லா லன்களுக்கும் புது ஐஓ (படிப்பது, எழுதுவது) நிறுத்தப்பட்டிருக்கும். கோளாறு ஒரு லன்னில், தண்டனை அத்தனை லன்களுக்கும். மல்டிபாத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கமாண்ட் கீழிருந்து திரும்பி வந்தால்தானே அது வேறு பாதையில் அனுப்பும்?

ஆகவே கை வைக்க வேண்டியது கீழ் அடுக்கில். ஒவ்வொரு ஸ்கசி ஹோஸ்டுக்கும் (எச்பிஏ போர்ட்டுக்கும்) 'ஈஎச் டெட்லைன்', அதாவது எரர் ஹேண்ட்லருக்கான காலக்கெடு என்ற அமைப்பு, கர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் உண்டு. வழக்கமாக அது 'ஆஃப்'. 20 அல்லது 30 என்று வைத்தால், அத்தனை நொடிக்குள் மீளாவிட்டால் இடைப்படிகளைத் தாண்டி நேராக ஹோஸ்ட் ரீசெட்டுக்குப் போய்விடும். ஹோஸ்ட் ரீசெட் அந்தப் போர்ட்டையே உலுக்கும். இரண்டு பாதைகளும் ஒரே போர்ட் வழியாகப் போகும் சர்வரில் இதைத் தொடாதீர்கள். ரீபூட் ஆனால் மதிப்பு போய்விடும், எனவே கர்னல் பாராமீட்டராகவோ டிவைஸ் தெரியும்போது இயங்கும் யுடெவ் விதியாகவோ பதிந்து வையுங்கள். புதிய கர்னல்களில் டிஸ்கின் மறுமுயற்சி எண்ணிக்கையையும் குறைக்கலாம்.

30 நொடி டைம்அவுட்டைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். ஸ்டோரேஜ் பெட்டியான அரேயின் ஒரு கன்ட்ரோலர் விழுந்து மற்றொன்று பொறுப்பேற்க எத்தனை நொடி ஆகும் என்று தெரியாமல் அதைச் செய்யக் கூடாது. இல்லாவிட்டால் கன்ட்ரோலர் மாறும் ஃபர்ம்வேர் அப்டேட் இரவில் நல்ல பாதைகளும் சேர்ந்து தோற்கும்.

ஃபைபர் சேனலில், லிங்க் போனபின் காத்திருக்கும் ஐஓ-வைத் தோற்றதாகத் திருப்பும் நேரமான 'ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில்' 5 நொடி போதும். 'டெவ் லாஸ்' வேறு விஷயம்: அது டிவைஸையே கழற்றிவிடும் நேரம். அதைக் குறைத்தால் ஃபெயில்ஓவர் வேகமாகாது, பாதை திரும்பி வருவதுதான் சிக்கலாகும்.

நெட்வொர்க் வழியே ஸ்கசி ஓடும் ஐஸ்கசியில், அறுந்த செஷன் திரும்பக் காத்திருக்கும் 'ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்' வழக்கமாக 120 நொடி. மல்டிபாத் இருந்தால் 5 ஆக்குங்கள். இணைப்பு உயிரோடு உள்ளதா என்று கேட்கும் நாப்-அவுட்டின் இடைவெளி 5, அதன் டைம்அவுட் 5 என்றிருந்தால் சுமார் 15 நொடியில் ஐஓ மாறிவிடும். கான்ஃபிக் ஃபைலில் மட்டும் மாற்றினால் ஏற்கெனவே பதிவான நோடுகளுக்கு (ஸ்டோரேஜ் டார்கெட்டுகளுக்கு) அது போய்ச் சேராது. நோட் பதிவையும் அப்டேட் செய்து, ஒவ்வொரு செஷனாக லாக்அவுட், லாகின் செய்ய வேண்டும். மல்டிபாத் இல்லாமல் ரூட் டிஸ்கே ஐஸ்கசியில் இருந்தால் இந்தச் சிறு எண்கள் ஆபத்து.

பாதி உயிரோடு இருக்கும் பாதைதான் உண்மையான தலைவலி. பாதையைச் சோதிக்கும் பாத் செக்கர் அனுப்பும் சின்ன கமாண்ட் தப்பித்துப் போய்விடும், 'பாதை நலம்' என்று மல்டிபாத் மீண்டும் சேர்த்துக்கொள்ளும், பெரிய ரைட் போனதும் மறுபடி 30 நொடி காத்திருப்பு. மல்டிபாத்தின் மார்ஜினல் பாத் (தடுமாறும் பாதை) அமைப்புகள் இதற்காகவே உள்ளன. இரு தோல்விகளுக்கான இடைவெளி 60, சோதனை நேரம் 120, ஆயிரத்துக்கு 10 பிழை, மறுசோதனை 300 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். நான்கையும் வைத்தால்தான் வேலை செய்யும். கூடவே சுவிட்சில் அந்தப் போர்ட்டின் சிஆர்சி (சிதைந்த ஃப்ரேம்) எண்ணிக்கையையும் எஸ்எஃப்பி-யின் ஒளி அளவையும் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆரக்கிள் ஆர்ஏசி (பல சர்வர்கள் சேர்ந்து ஓட்டும் டேட்டாபேஸ்) ஓடும் இடத்தில், எந்தச் சர்வர் கூட்டத்தில் நீடிக்கும் என்று முடிவு செய்ய உதவும் வோட்டிங் டிஸ்குக்கான டிஸ்க் டைம்அவுட் 200 நொடி. மேலே வந்த 180-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று புரியும்.

டிரில்லிலும் மௌனத் தோல்வியை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஐஸ்கசியில் ஒரு போர்ட்டலின் 3260 போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் மூலம் 'ட்ராப்' செய்யுங்கள். 'ரிஜெக்ட்' செய்தால் உடனே மறுப்பு வந்துவிடும், சோதனை வீண். ஃபைபர் சேனலில் சுவிட்ச் போர்ட்டை டிஸேபிள் செய்வதும் கேபிளைக் கழற்றுவது போலத்தான். லேபில், போலி டிஸ்கை உண்டாக்கும் ஸ்கசி டீபக் மாட்யூல் கமாண்டைப் பதிலின்றி விழுங்கிக் காட்டும். எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓடவிட்டு அதன் அதிகபட்ச லேட்டன்சியை (பதில் தாமதத்தை)க் குறித்துக்கொள்ளுங்கள். டிரில் தாளில் 'பாஸ்' இருந்த இடத்தில் அந்த எண் வரட்டும்.