குறிப்பிடத்தக்கமை: சொல் விளக்கம்

இசைக்குழு ஒன்றில் கிதார் வாசிப்பவருக்கோ டிரம்ஸ் வாசிப்பவருக்கோ விக்கிப்பீடியாவில் தனியாக ஒரு வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை வேண்டுமா, குழுவைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தி போதுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் ‘நோட்டபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லே தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு வழங்கும் சொல் ‘குறிப்பிடத்தக்கமை’. நாவில் எளிதில் புரளாத நீளமான சொல்தான் என்றாலும், ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை ஒன்றுவிடாமல் தன்னுள் வைத்திருக்கும் சொல் அது.

இலத்தீனில் ‘நோட்டா’ என்றால் குறி, அடையாளம். அதிலிருந்து, குறித்து வைக்கத் தக்கது என்ற பொருளில் ‘நோட்டாபிலிஸ்’ பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. தமிழிலும் குறி என்பதே அடி. அதிலிருந்து குறிப்பு, குறிப்பிடு. தகு என்ற வினையிலிருந்து தக்க. கடைசியில் பண்பை உணர்த்தும் மை விகுதி. தகுதி, தகவு, தக்கார் எல்லாம் இந்தத் தகு என்னும் அடியின் கிளைகளே.

புகழ், பிரபலம், முக்கியத்துவம் ஆகிய சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவை இங்கே பொருந்தாததற்குக் காரணம் உண்டு. விக்கிப்பீடியா கேட்பது ஒருவர் எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர் என்பதை அன்று; அவரோடு தொடர்பற்ற, நம்பத்தகுந்த வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதையே. எனவே ‘குறிப்பிடத்தக்க’ என்பதில் தகுதியைக் காட்டும் ‘தக்க’ கொஞ்சம் வழிதவறச் செய்கிறது என்பேன். அங்கே அளக்கப்படுவது ஒருவர் குறிக்கத் தக்கவரா என்பதைவிட, பிறரால் ஏற்கெனவே குறிக்கப்பட்டவரா என்பதுதான். இந்தக் குறை தமிழாக்கத்தில் வந்ததன்று. இலத்தீன் சொல்லிலேயே இருக்கிறது. நம் நாளிதழ்கள் வேறு, செய்தியின் கடைசி வரியை ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடித்து முடித்து, எதையும் குறிக்காத சொல்லாக அதைத் தேய்த்துவிட்டன.

இசைக்குழு உறுப்பினரிடம் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவின் இசை வழிகாட்டலின்படி, குறிப்பிடத்தக்க குழுவில் இருப்பதனால் மட்டும் ஒருவருக்குத் தனிக் கட்டுரை கிடைக்காது. தனி இசைத்தொகுப்பு வெளியிடுவது போன்று, குழுவுக்கு வெளியே அவர் செய்தவை அவருக்கெனக் கவனம் பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில் அவர் பெயர் குழுவின் பக்கத்துக்கு ‘வழிமாற்று’ ஆக்கப்படும். அதாவது அந்தப் பெயரைத் தேடுபவர் நேரே குழுவின் கட்டுரையில் போய் நிற்பார். குழுவின் பெருமை உறுப்பினருக்குப் பரம்பரைச் சொத்தாக இறங்குவதில்லை. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்திசையில் கதவு திறந்தே இருக்கிறது: தனித்தனியே குறிப்பிடத்தக்க இசைஞர் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்த குழுவை, அதன் பொருட்டே குறிப்பிடத்தக்கதாகக் கருத இடமுண்டு.

பீட்டில்ஸ் குழுவைப் பாருங்கள். 1964 ஜூனில் ரிங்கோ ஸ்டார் தொண்டை அழற்சியால் படுத்துவிட, அவருடைய இடத்தில் டிரம்ஸ் வாசிக்க ஜிம்மி நிக்கல் அழைக்கப்பட்டார். டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று இரண்டு வாரத்துக்கும் குறைவான பயணம். ரிங்கோ திரும்பியதும் நிக்கலின் வேலை முடிந்தது. உறுப்பினர் என்றுகூட அவரைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருக்கிறது, ஏனெனில் அந்தச் சில நாட்களையும் அதன் பிறகு அவருக்கு நேர்ந்ததையும் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு முழு நூலே வந்திருக்கிறது. 1962 ஆகஸ்டில் அதே குழுவிலிருந்து நீக்கப்பட்ட பீட் பெஸ்ட்டின் கதையும் இத்தகையதே: குழு உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே வெளியேறிய அவரைப் பற்றி, வெளியேற்றப்பட்டதன் காரணமாகவே ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது.

குயீன் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் இதற்கு நேர்மாறான வகை. தனி இசைத்தொகுப்பு எதையும் வெளியிடாதவர். 1990களின் இறுதியில் இசையுலகை விட்டே ஒதுங்கியவர். விதியை எழுத்தெழுத்தாகப் படிப்பவர் அவரை வழிமாற்றோடு நிறுத்திவிடலாம். ஆனால் 1980இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அக்குழுவின் பாடல் ஒன்று அவர் எழுதியது. ஒரு பாடலாசிரியராக அவரைப் பற்றித் தனியாக எழுதப்பட்டவை நிறைய. ‘குழுவுக்கு வெளியே’ என்பதை வேறு மேடை என்று மட்டும் படிக்காமல், குழுவின் பெயரோடு கரைந்துபோகாத தனிப் பேச்சு என்று படிப்பதே சரியெனப்படுகிறது.

வழக்கில் ஓர் எச்சரிக்கை. ‘இவருக்குக் குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று எழுதினால், தமிழ்க் காதுக்கு அது ஒரு மனிதரைத் தகுதியற்றவர் என்று சொல்வதாகவே விழும். ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று விக்கிப்பீடியர்கள் நடத்தும் விவாதங்களில் கோபம் மூளப் பாதிக் காரணம் இந்தத் ‘தக்க’தான். வழிகாட்டலின் தலைப்பாகக் குறிப்பிடத்தக்கமை நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது, ‘குழுவிலிருந்து பிரித்து இவரைப் பற்றி எழுதப்பட்ட சான்றுகள் போதவில்லை’ என்று விரித்து எழுதுவதே சொல்லவந்த பொருளுக்கு நெருக்கமானது.