கவுட் வலிக்குக் குடலிலும் ஒரு காரணம்

கவுட் என்பது, உடலின் கழிவான யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடி, மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுவலி. கவுட் என்று சொன்னதும் நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், கறி, மீனை விட்டுடணுமா?" என்பதுதான். அப்புறம் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பார்கள். குடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உடலிலிருந்து வெளியேறும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில் போகிறது. மீதி குடலுக்குள் இறங்குகிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அதை உடைக்க யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதனுக்கு அது பரிணாமத்தின் போக்கில் இல்லாமல் போய்விட்டது. குடலில் அந்த வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள்தான். ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் பல குடல் பாக்டீரியாக்களிடம் இதற்கான மரபணுத் தொகுப்பு இருப்பதை 2023இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. யூரிகேஸ் இல்லாத எலிகளின் குடல் பாக்டீரியாக்களை அழித்தபோது, ரத்தத்தில் யூரிக் அமிலம் மளமளவென ஏறியது. இவ்வகை பாக்டீரியாக்களைத் தாக்கும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் கவுட் வரும் வாய்ப்பு கூடியிருந்ததும் தெரியவந்தது.

எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம்தான். நடு இரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். பார்ப்பதற்குச் சீழ் பிடித்த மாதிரி இருப்பதால் பலர் தாங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கவுட் வலி மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். பெயரை அந்த மாத்திரை தட்டிக்கொள்கிறது. அடுத்த முறையும் அதே மாத்திரை. நோய்க்குத் துளியும் உதவாத ஒன்று, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் பாக்டீரியாக்களையே அழித்துவிடக்கூடும்.

அதற்காக ஆன்டிபயாடிக்கே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுக்குள் உண்மையிலேயே கிருமித் தொற்று இருந்தால் அது அவசர சிகிச்சை. தாமதித்தால் மூட்டே பாழாகும். காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை ஊசியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். கவுட் என்றால் யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் ஊசி ஊசியாகத் தெரியும். கிருமி உண்டா என்றும் அதே நீரில் சோதிப்போம்.

சரி, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை, உணவு) சாப்பிட்டால் போதுமா? போதாது. எந்த பாக்டீரியாவை எவ்வளவு கொடுத்தால் கவுட் கட்டுப்படும் என்று சொல்லும் அளவுக்கு இன்று சான்று இல்லை. நார்ச்சத்துள்ள உணவு குடலுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், வலி போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 6 மில்லிகிராமுக்குக் கீழேயே இருந்தால்தான் பழைய படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவரிடமும் கவுட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.